பழைய கட்டடப் படங்களைப் பாதுகாப்பது: பரணிலிருந்து பெட்டி வரை

கோட்டை, கோயில், பள்ளிக்கூடம், சத்திரம், தாத்தா கட்டிய ஓட்டு வீடு என்று ஏதாவது ஒரு கட்டடம் தெரியும் பழைய போட்டோ உங்களிடம் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். பரணில் பல பத்தாண்டுகள் தாங்கிய படம், கண்டெடுத்த அன்று சாயங்காலமே பாழாவதைக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் துடைப்பார்கள், ஆல்பத்திலிருந்து பிய்ப்பார்கள், அப்புறம்தான் ஸ்கேன் செய்யும் யோசனை வரும். இந்த வரிசை தலைகீழ்.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். திரும்பப் பெற முடியாத எந்த வேலையும் நகல் எடுத்த பிறகுதான் என்பது ஒன்றே இதில் விதி.

## 1. முதலில் பருவமும் மேசையும்

தை தொடங்கிப் பங்குனி முடிய நல்ல காலம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவற்றின் மேல்பரப்பு ஜெலட்டின் என்ற பசை போன்ற பூச்சு. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து ஊதிப் பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆல்பத்தைப் பிரித்தால் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டியிருக்கும் படம் தோலோடு உரிந்து வரும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பனிக்காலக் காலைகூட ஈரம்தான். பத்து மணிக்கு மேல் உட்காருங்கள். சித்திரையில் வேறு தொல்லை. மின்விசிறி போட்டால் படம் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டும்.

மேசைமேல் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை விரியுங்கள். காபி, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் வேறு மேசைக்கு. கல் குவாரியோ கிரானைட் பட்டறையோ அருகில் இருந்தால் சன்னலைச் சாத்திவிடுங்கள். அந்தத் தூசி கூர்மையானது. ஜெலட்டின்மேல் ஒருமுறை இழுபட்டால் கீறல் விழுந்துவிடும்.

வேண்டியவை: காற்று ஊதும் ரப்பர் பல்பு (கேமரா கடையில் கிடைக்கும்), இதுவரை பயன்படுத்தாத மென்மயிர்ப் பிரஷ், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப், கள்ள நோட்டுப் பார்க்கும் யுவி டார்ச், நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், 4பி பென்சில், பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். பருத்திக் கையுறை வேண்டாம். துணி நூல் படத்தின் கிழிந்த ஓரத்தில் சிக்கும், விரலுக்கும் பிடிமானம் தெரியாது. கையுறை இல்லாவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கையால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

செல்லோடேப், ரப்பர் பேண்ட், பசை, பேப்பர் கிளிப் ஆகியவை அந்த மேசைக்கு வரவே கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் படத்தில் உள்ள வெள்ளியோடு சேர்ந்து கறையாக நிற்கும்.

## 2. பிரிக்கும் முன் இருக்கிறபடியே பதிவு

கட்டைப் பிரிக்கும் முன்பே கைபேசியில் படம் எடுங்கள். டிரங்குப் பெட்டி திறந்தபடி ஒன்று, உறைகளின் வெளிப்புறம் ஒன்று, ஆல்பம் என்றால் பக்கம் பக்கமாக. தரம் முக்கியமில்லை, வரிசை முக்கியம்.

காரணம் இதுதான்: ஒரே நாளில் எடுத்த படங்கள் பொதுவாக அருகருகே இருக்கும். ஒரு கும்பாபிஷேகத்தின் பத்துப் படங்களில் ஒன்றின் பின்னால் மட்டும் தேதி இருக்கும். வரிசை கலைந்தால் மற்ற ஒன்பதும் தேதி இல்லாத கோபுரப் படங்களாகிவிடும். எந்த உறையில் இருந்தது, யார் வீட்டுப் பெட்டி, எந்த ஸ்டுடியோவின் அட்டை என்பதெல்லாம் படத்தின் பாதி விவரம்.

வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பக்கத்தில் உட்கார வைத்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொண்டிருந்தால் பாதி தப்பிவிடும். அவர்கள் முதலில் ஆட்களைப் பற்றித்தான் பேசுவார்கள். "இது நம்ம பெரியம்மா, கல்யாணம் ஆன புதுசு" என்பார்கள். குறுக்கிட்டுக் கட்டடத்தைக் கேட்காதீர்கள். ஆளைச் சொல்லி முடித்தபின், "பின்னாடி தெரியறது பழைய தாலுகா ஆபீஸ்" என்று அதுவும் தானாக வரும்.

படம் வேறொருவருடையது என்றால் எத்தனை வாங்கினீர்கள், எப்போது திருப்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். உறவுக்காரர்களாக இருந்தால் இன்னும் அவசியம்.

## 3. கையில் இருப்பது என்ன வகை?

புதிதாக வருபவர்கள் அதிகம் தாண்டிப்போகும் படி இது. வகை தெரியாமல் எந்த உறையில் போடுவது, தண்ணீர் படலாமா, அட்டையிலிருந்து பிரிக்கலாமா என்று எதையும் முடிவு செய்ய முடியாது. லூப்பை வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள்.

புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. புத்தகத்திலிருந்தோ நாட்காட்டியிலிருந்தோ வெட்டியது. நூறு வருடத்து ஒரிஜினல் என்று கொண்டுவரப்படுபவற்றில் பல இந்த வகை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் எடுத்த ராயக்கோட்டைப் படங்கள் 1858இல் வெளிவந்தன. அந்தக் காலத்து அசல் பிரிண்டுகள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் பெரிய நூலகங்களிலும் இருக்கின்றன. வீட்டில் கிடைக்கும் "டிரைப் படத்தை" முதலில் லூப்பில் பாருங்கள்.

காகித நார் தெரிந்து, பளபளப்பே இல்லாமல் உருவம் தாளுக்குள் ஊறியது போல் இருந்தால் உப்புத்தாள் பிரிண்ட். 1840கள், 1850களின் முறை. நம் வீடுகளில் கிடைப்பது மிக அரிது.

மெல்லிய தாள், தடித்த அட்டையில் ஒட்டியது, பழுப்பு நிறம், வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சள், லேசான மினுக்கு, அடியில் நார் என்றால் ஆல்புமென். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். 1850இல் வந்து 1890கள் வரை இதுதான் பெருவழக்கு. லூப்பில் பொடிப்பொடியான வெடிப்பு தெரியும். இதை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது. தாள் அவ்வளவு மெல்லியது; பிரித்தால் குழல் போலச் சுருண்டுகொள்ளும்.

நார் தெரியாமல் வழுவழுப்பாக, கறுப்பு சாம்பல் நிறத்தில் இருந்தால் ஜெலட்டின் வெள்ளிப் பிரிண்ட். உங்கள் பெட்டியில் முக்கால்வாசி இதுவாகத்தான் இருக்கும். நாருக்கும் உருவத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பூச்சு இருப்பதால் நார் மறைந்துவிடுகிறது. இருண்ட ஓரங்களைச் சாய்த்துப் பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடியின் ரசம் போல நீலமாக மின்னும். வெள்ளி மேலே வந்துவிட்டதன் அடையாளம் அது. அழுக்கு என்று நினைத்துத் துடைக்காதீர்கள், உருவமும் சேர்ந்து போகும்.

பின்பக்கம் பிளாஸ்டிக் போல வழுக்கினால் ரெசின் பூசிய தாள். பெரும்பாலும் 1970களும் அதற்குப் பிறகும். இந்தத் தாளில் வந்த பழைய கலர்ப் படங்கள் சிவந்தோ மஞ்சளாகவோ மாறியிருக்கும். சாயம் இருட்டிலும் வெளுக்கும் என்பதால் ஸ்கேன் வரிசையில் இவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். கறுப்பு வெள்ளைதான் பழசு, அதுதான் அவசரம் என்று கலரைக் கடைசியில் தள்ளுவது எல்லாரும் செய்வது. உண்மையில் 1980இன் கலர்ப் படம் 1930இன் கறுப்பு வெள்ளையைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

யுவி டார்ச்சை இருட்டில் ஓரிரு நொடி காட்டுங்கள். தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. 1950களுக்கு முந்திய தாளாக இருக்காது. ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, பிந்திய தாளிலும் அது இல்லாமல் இருக்கலாம்.

மூடிய ஸ்டுடியோக்களிலிருந்து கண்ணாடி நெகட்டிவ் பெட்டி கிடைத்தால், மங்கலான பக்கம்தான் உருவம் உள்ள பக்கம் என்பதை நினைவில் வைத்து ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பிலிம் நெகட்டிவில் காடி வாசனை வந்தால் அதைத் தனியாக எடுத்துவிடுங்கள், அந்த ஆவி அருகில் உள்ளவற்றையும் கெடுக்கும்.

## 4. யாருக்கு முதல் சிகிச்சை?

பூஞ்சணம் பிடித்தது, கரையான் அரித்தது, ஒட்டிக்கொண்டது, நனைந்தது ஆகிய நான்கையும் நல்ல படங்களிலிருந்து உடனே பிரியுங்கள்.

பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது தொடக் கூடாது. ஜெலட்டின் அதற்கு உணவு. வேர் உள்ளே போயிருக்கும், தேய்த்தால் பரப்பே வழியும். நிழலில் காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டு, அது பொடியான பிறகு முகக்கவசம் போட்டு, திண்ணையிலோ முற்றத்திலோ வைத்துப் பிரஷால் மெல்லத் தட்டுங்கள். வெயிலில் காயவைத்தால் படம் சுருண்டு வெடிக்கும். ஸ்பிரிட், சானிடைசர், டெட்டால் எதுவும் வேண்டாம்.

ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு படங்களை ஆவியில் காட்டிப் பிரிக்கும் யோசனை எப்படியோ எல்லா வீட்டிலும் ஒருவருக்கு வந்துவிடுகிறது. அவரைச் செய்ய விடாதீர்கள். அது பழைய படங்களைப் பாதுகாக்கப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. அதுவரை அப்படியே தட்டையாக வையுங்கள்.

கூரை ஒழுகி நனைந்தவை வேறு கதை. ஜெலட்டின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உலர்வதற்குள் பிரித்து, உருவம் மேலே இருக்க உலர வையுங்கள். இரண்டு நாளுக்குள் முடியாத அளவுக்கு நிறைய இருந்தால் பிளாஸ்டிக் பையில் இட்டு பிரீசரில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். கண்ணாடி நெகட்டிவை மட்டும் பிரீசரில் வைக்கக் கூடாது.

## 5. சட்டம் போட்ட படம்: கழற்றுவதா, விடுவதா

நம் வீடுகளில் கட்டடப் படங்களில் பல, மாலை போட்ட பெரியவர்களின் படத்துக்குள் பின்னணியாக ஒளிந்திருக்கும். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு எடுத்த படங்களைச் சொல்கிறேன். கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம், கீழே விளக்கின் எண்ணெய்ப் புகை, மேலே பூமாலையின் ஈரம்.

முதலில் வீட்டாரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள். படுக்க வைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் கண்ணாடியின் நடுப்பகுதியை மட்டும் துடையுங்கள். கண்ணாடிமேல் திரவம் தெளித்தால் அது சட்டத்தின் ஓரம் வழியாக உள்ளே இறங்கிப் படத்தின் அடிவிளிம்பை நனைக்கும். பல பழைய படங்களில் கீழ் ஓரம் மட்டும் அலையலையாகக் கெட்டிருப்பதற்கு வாராவாரம் நடந்த இந்தத் துடைப்பு ஒரு காரணம்.

அடுத்து, படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து நோக்கினால், ஒட்டிய இடம் ஈரமானது போல் ஆழ்ந்த நிறத்தில் திட்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் கழற்ற வேண்டாம். கண்ணாடியோடேயே நகல் எடுத்துவிட்டு அப்படியே வையுங்கள். கண்ணாடி உடைந்திருந்தாலும் ஒட்டிய துண்டைப் பிடுங்காதீர்கள், அந்தத் துண்டில்தான் முகம் இருக்கும்.

ஒட்டவில்லை என்றால் குப்புறப் போட்டு, பின்பலகையின் ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக இழுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் அது நழுவிப் படத்தைக் குத்தும். பலகைக்கும் படத்துக்கும் நடுவில் பழைய செய்தித்தாள் இருக்கும். அதைக் கசக்கி எறியாதீர்கள். அதில் உள்ள தேதி, சட்டம் போட்டது எந்த நாளுக்குப் பிறகு என்பதைச் சொல்லும். பலகையில் சட்டம் போட்ட கடையின் ஒட்டுத்தாள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டையும் படம் எடுத்துத் தனி உறையில் வையுங்கள். பழைய போட்டோவோடு சேர்த்து வைக்காதீர்கள், அந்தச் செய்தித்தாளும் பலகையும் அமிலம் கக்குபவை.

## 6. தூசி நீக்கம், அவ்வளவே

ரப்பர் பல்பால் ஊதுங்கள். போகாத தூசியைப் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். முன்பக்கத்தில் தண்ணீர், அழிரப்பர், எதுவும் கூடாது.

பிசின் பூசிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் விரிப்பும் உள்ள ஆல்பத்தில் கலர்ப் படங்கள் மாட்டியிருந்தால், முதலில் பக்கத்தோடேயே ஒரு நகல் எடுத்துவிட்டு, பல் நூலை மூலையின் அடியில் நுழைத்து, படத்தை வளைக்காமல் இழுத்து இழுத்து அறுத்துவாருங்கள். நகராவிட்டால் நிறுத்திவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள்.

## 7. நகல் எடுப்பது

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேன் அளவு). இரண்டு மூன்று அங்குலச் சிறு படத்துக்கு 1200. ஏ4க்கு மேல் பெரியவற்றுக்கு 400 போதும். ஆட்கள் படமென்றால் குறைத்துக்கொள்ளலாம்; கட்டடப் படத்தில் பின்னால் யாராவது கடைப் பலகையையும் கல்வெட்டையும் பெரிதாக்கிப் பார்க்கப்போகிறார்கள். மூலப் பிரதியை டிஃப் (TIFF) கோப்பு வடிவில் சேமித்து, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் விவரம் தேயும்.

ஸ்கேனரில் தூசி நீக்கம், கூர்மையாக்கம், நிறம் மீட்பு என்று தானாக நடக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மென்பொருளுக்குத் தூசிக்கும் நடுகல்லின் எழுத்துக் கீறலுக்கும் வித்தியாசம் தெரியாது. தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் உள்ள படம் ஒன்றில் எழுத்து மழுங்கிவிட்டால், அந்த ஸ்கேனால் யாருக்கும் பயனில்லை. பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருப்பதையும் திருத்தாதீர்கள். அந்தக் கால ரசாயனம் நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கியது, அதனால் வானம் நிரம்பி வெளுத்துவிடும்.

படத்தின் ஓரமும் அட்டையும் முழுதாக விழ வேண்டும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், வெறுமையாக இருந்தாலும் சரி. பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள்.

வளைந்த ஆல்புமென் படத்தை ஸ்கேனர் மூடியால் அமுக்கினால் வெடிக்கும். அதற்குக் கேமராதான் வழி. படத்தைத் தரையில் தட்டையாக வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, 45 டிகிரி சாய்வில். கேமரா நேராக இருக்கிறதா என்று பார்க்க, படம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் சரி. ரசம் பூத்த இடங்கள் மினுக்கினால் விளக்கை இன்னும் சாய்க்கலாம். கைபேசி என்றால் வாசல் நிழலில், அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து எடுங்கள்.

கடையில் கொடுத்து ஸ்கேன் செய்பவர்கள் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும்: "இருக்கிற மாதிரியே வேணும், பளிச்சுன்னு ஆக்க வேண்டாம்." இப்போது கேட்காமலே செயற்கை நுண்ணறிவில் போட்டுக் கலராக்கித் தருகிறார்கள். முகத்தைப் பொறுத்தவரை அது வீட்டார் விருப்பம். கோபுரத்தில் அது இல்லாத சிற்பங்களைப் புதிதாக முளைக்க வைக்கிறது. மங்கலாக இருந்த சுதையுருவம் வேறு ஏதோ பொம்மையாகிவிடுகிறது. அப்படி ஒன்று வேண்டுமானால் தனிப் பெயரில் வையுங்கள்.

## 8. பெயர், குறிப்பு

கோப்புக்கு ஊர் எழுத்து, எண், முன் அல்லது பின். அது போதும். விவரத்தைக் கோப்புப் பெயரில் திணிக்காமல் ஒரு விரிதாளில் எழுதுங்கள். அதில் மூன்று நெடுவரிசை தனித்தனியாக இருக்க வேண்டும்: படத்தில் எழுதியிருப்பது, ஒருவர் சொன்னது, நாம் ஊகித்தது. இவை கலந்தால் இரண்டு வருடம் கழித்து உங்கள் ஊகமே உங்களுக்கு ஆதாரமாகத் தெரியும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. தருமபுரி மாவட்டம் 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து. ஆக, "சேலம் ஜில்லா" என்று எழுதிய படம் காவேரிப்பட்டணத்துப் படமாக இருக்கலாம். எழுதியதை அப்படியே முதல் நெடுவரிசையில் வைத்து, இன்றைய மாவட்டத்தை மூன்றாவதில் போடுங்கள். இன்னொன்று, ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் படங்களின் பின்னால் தெலுங்கும் கன்னடமும் வரும். படிக்கத் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் ஸ்கேனை அந்தந்த மொழி தெரிந்தவருக்கு அனுப்புங்கள்.

படத்தின் பின்னால் எண் எழுத வேண்டுமென்றால் கண்ணாடிப் பலகைமேல் குப்புற வைத்து, ஓரத்தில், 4பி பென்சிலால், அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறிவரும். ரெசின் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறைமேல் எழுதுங்கள், படத்தை உள்ளே போடும் முன்பே.

ஸ்கேன்களுக்கு மூன்று பிரதி: கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. வாட்ஸாப்பில் படமாக அனுப்பியது பிரதி ஆகாது, அது சுருக்கிவிடும்.

## 9. உறையும் பெட்டியும்

பிளாஸ்டிக் உறையின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், எடுக்கலாம். 3 என்றால் பிவிசி, வேண்டவே வேண்டாம். அது காலப்போக்கில் அமிலமும் எண்ணெயும் கசிந்து படத்தோடு ஒட்டும். எண் இல்லாவிட்டால் முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காகித உறை என்றால் அமிலமில்லாதது. இனிப்புக் கடை பட்டர் பேப்பர் அந்த வேலைக்கு ஆகாது. அமிலமில்லாத தாளிலும் காரம் சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகை உண்டு. ஆல்புமெனுக்கும் கலருக்கும் காரம் சேர்க்காதது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம் என்பதால் அங்குள்ள ஓவியப் பொருள் கடைகளில் விசாரிக்கலாம். பூஞ்சணம் பிடித்த படமும் கண்ணாடி நெகட்டிவும் பிளாஸ்டிக்கில் கூடாது, காகிதம்தான்.

ஒரு உறைக்கு ஒரு படம். அட்டையில் ஒட்டியவற்றைப் படுக்க வையுங்கள். அந்தக் கால அட்டை சடாரென்று ஒடியும், படமும் கூடவே ஒடியும்.

## 10. எங்கே வைப்பது

பரண் வேண்டாம், சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியிலும் தளத்துக்கடியிலும் சூடு ஏறும். தரையும் வேண்டாம், கரையான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஓதம் வாங்கும். வீட்டின் நடு அறையில், உள்சுவர்ப் பக்கம், பெயின்ட் சுட்டுப் பூசிய இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம்.

மீட்டரைப் பெட்டியருகில் வையுங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும். அப்போது சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டிக்குள் படத்தில் படாமல் வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்துங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி நமக்கும் ஆகாது, பிளாஸ்டிக்கையும் படத்தையும் கெடுக்கலாம். வேப்பிலை காய்ந்து நொறுங்கி அதுவே பூச்சிக்கு இரையாகும். இராமபாணமும் கரப்பானும் வராமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் பலன் தருகிறது.

## 11. கட்டடத்தையும் நின்ற இடத்தையும் கண்டுபிடித்தல்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இது ஸ்கேனைப் பெரிதாக்கிச் செய்ய வேண்டிய வேலை. அசலைக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் காலத்தை இரண்டு பக்கமும் நெருக்குங்கள். எது இருக்கிறது, எது இல்லை? மின்கம்பம், வீட்டுமேல் டிவி ஆன்டெனா, ஓடா காங்கிரீட்டா என்று பாருங்கள். கிருஷ்ணகிரி அணை 1957இல் திறக்கப்பட்டது. மலைமேலிருந்து எடுத்த படத்தில் அணைத் தண்ணீர் தெரிந்தால் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அடுத்து நிழல். நம் பகுதியில் சித்திரைப் பாதி தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். உச்சி வேளையில் கட்டடத்தின் வடக்குச் சுவரில் வெயில் விழுந்திருந்தால் படம் அந்த மாதங்களில் எடுத்தது. மேகத்தை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். டிரைப் உட்பட அந்தக் காலத்தவர்கள் வெறும் வெள்ளை வானம் பிடிக்காமல் நெகட்டிவிலேயே மேகத்தைத் தீட்டிவிடுவார்கள். தெருவில் ஆளே இல்லை என்பதும் அப்படித்தான்: கேமராவின் மூடி நெடுநேரம் திறந்திருந்ததால் நடப்பவர்கள் பதியவில்லை, நின்றவர்கள் மட்டும் விழுந்திருப்பார்கள்.

வெளிநாட்டு நூலக இணையதளங்களில் ஒப்பிடத் தேடும்போது ஊர்ப்பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ராயக்கோட்டைக்கு ஆர், ஒய், ஏ, கே, ஓ, டி, டி, ஏ. இன்றைய எழுத்தில் தேடிவிட்டு ஒன்றுமே இல்லை என்று திரும்பிவிடுபவர்கள் அதிகம்.

நின்ற இடத்துக்கு, படத்தில் அருகில் ஒரு பொருளையும் தொலைவில் ஒரு பொருளையும் தேர்ந்தெடுங்கள்: மண்டபத் தூணின் விளிம்பும் அதற்குப் பின்னால் மலைமுகடும் என்று வையுங்கள். களத்தில், படத்தில் போலவே அவை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்வரை பக்கவாட்டில் நகருங்கள். அப்போது நீங்கள் ஒரு கோட்டில் நிற்கிறீர்கள். இன்னொரு ஜோடியை எடுத்து அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டாவதும் பொருந்தும் இடம்தான் கேமரா நின்ற இடம். கட்டடத்தின் அளவை வைத்துத் தூரத்தை ஊகிப்பது ஏமாற்றும், லென்ஸைப் பொறுத்து அது மாறும்.

முக்காலிமேல் நிற்கும் பழைய துருத்திக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸை மட்டும் மேலே நகர்த்த முடியும். அதனால் கோபுரம் செங்குத்தாக நிற்கும். கைபேசியை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும், இரண்டு படமும் ஒருநாளும் பொருந்தாது. கைபேசியை நேராகவே பிடித்து, அகலமாக எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள். பழைய படத்தின் நிழல் விழும் மாதத்திலும் நேரத்திலும் போனால் ஒப்பீடு எளிது.

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்காலி வைப்பதற்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கோயில்களில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். உள்ளூரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். புதரும் முள்ளும் மூடிய படியை அவர்களுக்குத்தான் தெரியும்.

## 12. சுவரில் மாட்ட எது?

நகலை மாட்டுங்கள், அசலைப் பெட்டியில் வையுங்கள். இதற்கு வீட்டில் எதிர்ப்பு வரும், குறிப்பாகப் பூஜை அறைப் படத்துக்கு. நகலை அதே அளவில், அதே பழுப்பு நிறத்தில், பழைய சட்டத்திலேயே போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அசல்தான் மாட்ட வேண்டும் என்றால், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் சன்னல் போல வெட்டிய அமிலமில்லாத அட்டையைக் கொடுக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவர் ஓதம் தாண்டி வராது. சன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிருங்கள். விளக்கை ஒரு முழம் தள்ளி வைக்கவும், பூவைச் சட்டத்தின்மேல் போடாமல் அதன் அடியில் ஒரு தட்டில் வைக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.